கோடோ 3-ல் தமிழ் உடையுது: பாமினி போட்டு ஒப்பேத்தலாமா?

மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறேன். கடை மெஷின், வீட்டு லேப்டாப் ரெண்டுலயும் லினக்ஸ் மின்ட்தான். பிரின்ட், ஸ்கேன், பிடிஎஃப் சுருக்கறது எல்லாம் பிசகில்லாம ஓடுது. முதலாளியோட கணக்கு சாப்ட்வேருக்காக மட்டும் ஒரு விண்டோஸ் பெட்டி ஓரமா கிடக்கு. அது பேச்சு இப்ப வேணாம்.

ராத்திரி கடை சாத்தினதும் ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன். கடலூர்–பாண்டி பஸ்ல நீங்க கண்டக்டர். கூட்டத்துல புகுந்து டிக்கெட் கிழிக்கணும், சில்லறை கொடுக்கணும், அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள படியில தொங்கறவனை உள்ள ஏத்தணும். பயணி தலைக்கு மேல ஒரு குமிழி வரும். அதுல 'ரெட்டிச்சாவடி ஒண்ணு', 'தவளக்குப்பம் ரெண்டு'ன்னு எழுத்தெழுத்தா ஓடும்.

அந்தக் குமிழிலதான் தகராறு. கேம் செய்ய நான் வெச்சிருக்கற சாப்ட்வேர் (கேம் இன்ஜின்) கோடோ 3.5. 'ரெ'ன்னு போட்டா கொம்பு ர-வுக்குப் பின்னாடி போய் நிக்குது. பாக்கறவனுக்கு அது அடுத்த 'ட்'டோட கொம்புன்னுதான் தோணும். 'கு' சேரவே மாட்டேங்குது, க தனியா, உகரக் குறி தனியா. நம்ம ரூட்ல பாதி ஸ்டாப்பு குப்பத்துலதானே முடியுது, பஸ் முழுக்க உடைஞ்ச எழுத்துதான். அதே வரியை டெக்ஸ்ட் எடிட்டர்ல ஒட்டினா சுத்தமா வருது. லோஹித், நோட்டோ ரெண்டு ஃபான்ட்டும் மாத்திப் பாத்தாச்சு.

சரின்னு கோடோ 4 இறக்கினேன். லேப்டாப் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின திங்க்பேட் டி430, இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ். டெர்மினல்ல 'ஐவி பிரிட்ஜ் வல்கன் சப்போர்ட் இஸ் இன்கம்ப்ளீட்'னு மெசா (லினக்ஸோட கிராபிக்ஸ் டிரைவர்) ஒரு வரி போடுது, கொஞ்ச நேரத்துல எடிட்டர் கறுப்பாகி நின்னுடுது.

கடையில பழைய பாமினி ஃபைலோடதான் நாள் பூரா மாரடிக்கிறேன். யூனிகோடு இல்லாத ஃபான்ட் அது, ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவம் இருக்கும். ஸ்டாப் பேரையெல்லாம் பாமினியிலயே அடிச்சு, அந்த ஃபான்ட்டை கேம்ல போட்டுட்டா என்ன? வேற லேப்டாப் வாங்குன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.


ஓடி_டிடிபி:

தாராளமா போடுங்க தம்பி. பாமினியில கொம்பை முதல்ல அடிச்சிட்டுத்தான் எழுத்தை அடிக்கிறோம். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அதே வரிசையிலதான் ஃபைல்லயும் இருக்கும். 'கு'வுக்குத் தனியா ஒரு கீயே இருக்கு. இன்ஜின் எதையும் சேத்து வெக்கற வேலையே இல்ல, வரிசையா அடுக்கினா போதும். மொத்த ஸ்டாப்பையும் ஒரு மத்தியானத்துல அடிச்சு முடிச்சிடலாம். கேம் ஓடணும், அவ்வளவுதானே?


லாஸ்பேட்டை_அக்கா:

ஓடி அண்ணன் சொல்வது ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பாமினி வேண்டாம்.

நீங்கள் ஸ்டாப் பெயரை வைத்துத்தானே கட்டணம் தேடுவீர்கள்? கோடுக்குள் அந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் கந்தரகோளமாகக் கிடக்கும். ஆறு மாதம் விட்டுவிட்டுத் திறந்தால் எது கிருமாம்பாக்கம், எது கன்னியக்கோவில் என்று உங்களுக்கே தெரியாது. குமிழியில் ஒருவன் 'ஓகே' என்று ஆங்கிலத்தில் சொன்னால் அதுவும் ஏதோ தமிழ்க் குறியாக வந்து நிற்கும். பிறகு அதற்கு ஒரு ஃபான்ட், இதற்கு ஒரு ஃபான்ட் என்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஃபான்ட் மேல் குற்றம் இல்லை. யூனிகோடில் 'ரெ' என்பது முதலில் ர, அடுத்து கொம்பு. நாம் சொல்லும் வரிசை. வரையும்போது கொம்பை முன்னால் இழுத்து வைப்பதும், க-வையும் உகரத்தையும் ஒரே உருவாக்குவதும் ஷேப்பிங் இன்ஜின் செய்கிற வேலை. உங்கள் டெக்ஸ்ட் எடிட்டருக்கு ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் இன்ஜின் அதைச் செய்து கொடுக்கிறது. கோடோ 3-ல் அது கிடையவே கிடையாது, எந்த ஃபான்ட்டைப் போட்டாலும் இப்படித்தான் வரும். 2023 மார்ச்சில் வந்த 4.0-ல்தான் ஹார்ஃப்பஸ்ஸும், ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரியும் உள்ளே வந்தன. ஆக, 4-க்குப் போயே ஆக வேண்டும்.

அந்தக் கறுப்புத் திரைக்கு லேப்டாப்பை மாற்ற வேண்டாம். 4-ல் ரெண்டரர், அதாவது திரையில் படம் வரையும் முறை, மூன்று: ஃபார்வர்ட் பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி. முதல் இரண்டும் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறையைக் கேட்கும், உங்கள் எச்டி 4000 இருக்கும் ஐவி பிரிட்ஜ் சிப்பில் அது அரைகுறை. கம்பாட்டிபிலிட்டிக்குப் பழைய முறையான ஓபன்ஜிஎல் 3.3 போதும், எச்டி 4000-க்கு மெசா 4.2 வரைக்கும் தருகிறது. புது ப்ராஜெக்ட் தொடங்கும் பெட்டியிலேயே மூன்றும் வரிசையாக இருக்கும், மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையது 2டி கேம், இதனால் இழக்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை.

பழைய ப்ராஜெக்டை மாற்றும் முன் ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். 4-ல் இருக்கும் கன்வெர்ட்டர் பெயர் மாற்றங்களை ஓரளவு பார்த்துக்கொள்ளும், கைனமேட்டிக்பாடி2டி எல்லாம் கேரக்டர்பாடி2டி ஆகிவிடும். ஆளை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு ஃபங்ஷனுக்கு வேகத்தை அடைப்புக்குள் கொடுத்திருப்பீர்கள். இப்போது அதை வெலாசிட்டி என்ற பண்பில் வைத்துவிட்டு வெறுமனே கூப்பிட வேண்டும். யீல்டு இருக்கும் இடமெல்லாம் அவெய்ட். இதையெல்லாம் கையால் ஒரு சுற்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.


ஓடி_டிடிபி:

கேட்டது ஒரு குமிழிக்கு. அக்கா பஸ்ஸையே பிரிச்சு மாட்டச் சொல்றாங்க.


மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:

ரொம்ப நன்றி அக்கா. கம்பாட்டிபிலிட்டியில எடிட்டர் நின்னு ஓடுது. ரெட்டிச்சாவடி, குப்பம் எல்லாம் அச்சு அசலா வருது. கன்வெர்ட்டர் விட்டுவெச்சதை இன்னும் நோண்டிட்டிருக்கேன், அது கிடக்கட்டும்.

ரெண்டு விஷயம் பாக்கி. எழுத்தெழுத்தா ஓடவிடும்போது முதல்ல 'ர' வருது, அடுத்த நொடி கொம்பு முளைச்சு ர வலப்பக்கம் தள்ளிக்குது. ஒவ்வொரு எகர எழுத்துக்கும் குமிழி ஒரு குலுங்கு குலுங்குது. அடுத்தது, ஃபிரெண்டு போன்ல பாக்கட்டும்னு வெப் எக்ஸ்போர்ட் போட்டேன். தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருது. அதே கேம் என் லேப்டாப்ல நல்லாத்தான் இருக்கு.


லாஸ்பேட்டை_அக்கா:

குமிழியில் எழுத்தைக் காட்டும் லேபிளில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்று ஒரு செட்டிங் இருக்கும். எதையும் தொடாமல் விட்டால் 'பிஃபோர் ஷேப்பிங்', அதாவது முதலில் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்க்கும். அதனால்தான் மொட்டையாக 'ர' தெரிகிறது. 'கேரக்டர்ஸ் ஆஃப்டர் ஷேப்பிங்' என்று மாற்றுங்கள். வரி முழுவதையும் சேர்த்துவிட்டுப் பிறகு மறைக்கும், எழுத்து முழுசாகத்தான் வெளியே வரும், குலுங்காது. ஒன்று மட்டும்: எண்ணிக்கை யூனிகோடு குறிகளின் கணக்கில்தான் ஓடும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. கொம்பும் புள்ளியும் வரும் இடத்தில் ஓட்டம் லேசாகத் திக்கும். படியில் தொங்கிக்கொண்டு பேசுகிறவன்தானே, திக்கட்டும். உறுத்தினால், கோடோவில் எழுத்து வேலையைப் பார்க்கும் டெக்ஸ்ட்சர்வரில் எழுத்து எங்கே முடிகிறது என்று கேட்டு வாங்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ். ஆனால் அது 'க்ஷ'வை க், ஷ என்று இரண்டாக உடைக்கும். உங்கள் ரூட்டில் க்ஷ வருகிற ஸ்டாப் எனக்குத் தெரிந்து இல்லை.

கட்டம் வருவதற்குக் காரணம், கோடோவுடன் வரும் ஓப்பன் சான்ஸ் ஃபான்ட்டில் தமிழ் கிடையாது. லேப்டாப்பில் சிஸ்டம் ஃபான்ட்டைக் கேட்காமலே கடன் வாங்கிக்கொள்கிறது. பிரவுசருக்குள் அது நடக்காது. நோட்டோ சான்ஸ் தமிழையோ மீரா இனிமையையோ ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு, தீமில் டிஃபால்ட் ஃபான்ட்டாக வையுங்கள். இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். காசு வேண்டாம், கேமோடு சேர்த்துக் கொடுக்கலாம், லைசென்ஸ் ஃபைலையும் கூடவே வைத்தால் போதும்.


மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:

ரெண்டும் சரியாயிடுச்சு அக்கா. இப்ப போன்லயும் தமிழ் வருது. திக்கறதை அப்படியே விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கு.


ஓடி_டிடிபி:

சரி, ஜெயிச்சிட்டீங்க. சில்லறை இல்லன்னா பாக்கியை டிக்கெட் பின்னாடி எழுதிக் கொடுக்கற பட்டன் இருக்கா, இல்லையா? அது இல்லாம என்ன கண்டக்டர் கேம்?


மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:

இருக்குண்ணா. பாண்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கறப்ப கேட்டு வாங்கறவனுக்குத் திருப்பிக் கொடுக்கணும். மறந்துட்டு இறங்கிப் போனவன் காசு ஸ்கோர்ல சேரும்.