உதட்டுல வர்ற ஹெர்பிஸ் கொப்புளத்துக்கு அதிமதுரம் கேக்குமா?

கேள்வி:
எங்க அக்காவுக்கு காய்ச்சல் வந்தாலோ வெயில்ல அலைஞ்சாலோ உதட்டோரமா நீர்க்கொப்புளம் கொத்தா வந்துடுது. ஹெர்பிஸ் வைரஸ்னு சொல்லி டாக்டர் அசைக்ளோவிர் குடுத்தாங்க, ஆறுது, ஆனா திரும்பத் திரும்ப வருது. அதிமதுரம், வேப்பம்பட்டை, கீழாநெல்லி இதெல்லாம் இந்த வைரஸ கொல்லும்னு ஆராய்ச்சியே இருக்குன்னு வாட்ஸப்ல வந்துச்சு, நெசமா? கஷாயம் வெச்சு குடுத்தா முழுசா போயிடுமா?

பதில்:
தம்பி, ஆராய்ச்சி இருக்கறது நெசந்தான். அதிமதுரத்துல உள்ள கிளைசிரைசின் ஹெர்பிஸ் வைரஸ செயலிழக்க வைக்குதுன்னு 1979லயே நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்துருக்கு, வேப்பம்பட்டைச் சாறு வைரஸ செல்லுக்குள்ள நுழையவிடாம தடுக்குது, கீழாநெல்லி வகைச் செடிகள்ல ஜெரானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கு அதுவும் வேல செய்யுது. ஆனா இதெல்லாம் லேப்ல வளத்த செல்லுல பாத்தது. குடிச்சா அதே அளவு ரத்தத்துல சேரணும்ல, முக்கால்வாசி மூலிகை அங்கதான் நின்னுடுது. அதவிட பெரிய சிக்கல், கொப்புளம் ஆறினதும் வைரஸ் சாகறதில்ல, முகத்து நரம்பு முடிச்சுக்குள்ள போய் பதுங்கிக்குது. அசைக்ளோவிர் வேல செய்யணும்னா வைரஸோட சொந்த என்சைம் அத முதல்ல மாத்தணும், பதுங்கியிருக்கறப்ப அந்த என்சைமே உருவாகறதில்ல. அதனால மாத்திரையும் அங்க எட்டாது, கஷாயமும் எட்டாது.

பதில்:
மேல சொன்னது சரி. மனுஷங்க மேலயே சோதிச்சுப் பாத்ததுன்னா எனக்குத் தெரிஞ்சு மெலிசாங்கற (லெமன் பாம்) செடிதான் முன்னாடி நிக்குது, அது எலுமிச்ச வாசன வர்ற புதினா குடும்பம், ஜெர்மனில அதோட சாறு 1% சேத்த கிரீம் போடுறாங்க. அதுல இருக்கற ரோஸ்மரினிக் ஆசிட் மாதிரி பொருளெல்லாம் வைரஸ செல்லு மேல ஒட்டவிடாம பண்ணுது, அதனால உதடு குறுகுறுங்கும்போதே தடவினாதான் பலன், கொப்புளம் முத்தின பிறகு தடவி பெருசா ஒண்ணுமில்ல. துளசிலயும் அந்த ஆசிட் இருக்கு, அதுக்காக இலைய கசக்கி புண்ணு மேல வெச்சுடாதீங்க.

பதில்:
அக்காவுக்கு பிரஷர் இருக்கா தம்பி? அதிமதுரம் தொடர்ந்து குடிச்சா பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், அத யாரும் ஃபார்வர்டுல போடமாட்டாங்க.

அக்கியும் இதே ஹெர்பிஸ் குடும்பம்தான், ஊர்ல காவி மண்ணு குழைச்சு எழுதிட்டு இருந்துடுறாங்க, மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்தா கண்ணுக்கே ஆபத்து, அன்னைக்கே கண் டாக்டர்ட்ட போயிடணும்.

கேள்வி கேட்டவர்:
பிரஷர் மாத்திரை போடுறாங்க அக்கா, அப்ப அதிமதுரம் வேணாம். அடிக்கடி வர்றதுக்கு வேற வழி?

பதில்:
அசைக்ளோவிரையே கம்மி டோஸ்ல தினமும் போடுற முறை இருக்கு, டாக்டர்ட்ட கேளுங்க. வெயில்ல போறப்ப உதட்டுக்கு சன்ஸ்கிரீன் பாம் போடச் சொல்லுங்க.