மின்தடை, மின்னிழப்பு, மின் இடையறவு: ஹைபிரிட் கார் கையேட்டுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

நாம் எழுதும் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, ஓடிக்கொண்டிருக்கும் ஹைபிரிட் காரில் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) மின்சாரம் சட்டென்று போய், சற்று நேரத்தில் தானாகத் திரும்பிவிடும் பழுதுக்குப் பெயர் கேட்டிருந்தோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘மின்தடை’யை முதலில் தள்ளிவிடலாம். நாளிதழில் ‘நாளை மயிலாப்பூரில் மின்தடை’ என்றால் கரண்ட் இருக்காது என்று பொருள். பள்ளிப் பாடநூலிலோ அது மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, ஓம் கணக்கில் அளப்பது. நம் கையேட்டில் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும்: பேட்டரி முனையில் பச்சை பூத்து, மின்தடை கூடி, அதனால் மின்தடை ஏற்படும்! படிக்கிற பையன் என்ன செய்வான்?

‘மின்னிழப்பு’ கம்பியில் வெப்பமாக வீணாவதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. போதாததற்கு, ராத்திரி நிறுத்திய வண்டியில் பேட்டரி மெல்ல வடிந்துபோவதையும் அது நினைவூட்டும். அது வேறு பழுது, அதைத் தேடும் வழியும் வேறு.

‘மின்துண்டிப்பு’ நல்ல சொல்தான், ஆனால் துண்டிக்க ஓர் ஆள் வேண்டும். பில் கட்டாவிட்டால் நடப்பது அதுதான். காரிலும் அப்படி ஓர் ஆள் உண்டு. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் பெரிய பேட்டரி 201.6 வோல்ட். அதை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) பிடித்து வைத்திருப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிப் பக்கத்து மின்சாரம். அந்தப் பக்கம் ஒரு எர்த் ஒயர் தளர்ந்து ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும். ரிலே விழுந்துவிடும், பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி நின்றுவிடும். ரிலே செய்வதுதான் துண்டிப்பு. அதற்கு முந்திய அந்த ஒரு நொடிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை ‘இடையறவு’. ‘இடையறாத மழை’ என்று எல்லோரும் சொல்கிறோம், அதன் எதிர்ப்பக்கம்தான் இது. நடுவில் அறுந்தது என்கிறபோதே, முன்னும் பின்னும் ஓட்டம் இருந்தது என்பதும் வந்துவிடுகிறது. இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைக்கழிப்பதும் அந்தப் ‘பின்’தான். ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டி வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். ஒயரில் பத்து இழை அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் ஓம் அளவு நன்றாகவே வரும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுச் சுமை ஏற்றி, அந்த இணைப்பின் குறுக்கே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். அளந்துகொண்டே ஒயரை ஆட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். (12 வோல்ட் ஒயரை மட்டும். பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரில் கை வைக்கும் வேலை இல்லை என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுவோம்.)

> புதுப்பேட்டை மெக்கானிக் கடைகளில் ‘விட்டுவிட்டு வருது’ என்கிறார்களே, அது போதாதா?

பேச்சுக்குத் தாராளமாகப் போதும், விளக்க வரிகளில் அதையே எழுதலாம். அட்டவணைத் தலைப்புக்கு ஒரு பெயர்ச்சொல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

> ‘மின்னிடையறவு’ என்றால் மின்னிடையாள் வந்து நிற்கிறாளே ஐயா!

நிற்கிறாள். றகரத்துக்கு ரகரம் போட்டால் ‘அரவு’ ஆகிப் பாம்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் ‘மின் இடையறவு’ என்று பிரித்தே எழுதுவோம். கணினியில் தேடினாலும் ‘இடையறவு’ தனியாக அகப்படும். சென்சார் சிக்னல் விட்டுப்போவதற்கு ‘சைகை இடையறவு’ என்றும் நீட்டிக்கொள்ளலாம்.

‘ஹைபிரிட்’டை இப்போதைக்கு அப்படியே விடலாம் என்பது என் கருத்து. ‘கலப்பினக் கார்’ என்றால் எனக்கு ஜெர்சி மாடுதான் தெரிகிறது. ‘கலப்பெரிபொருள்’ தவறு, பெட்ரோலில் யாரும் எதையும் கலக்கவில்லை.