குரூப் சி-யை முடித்தது 3.5 லிட்டர் விதியா, கம்பெனிகளா?

பத்துதீகா ராஜன்:
குரூப் சி என்ற பந்தயக் கார் பிரிவு ஓடிய உலக ஸ்போர்ட்ஸ்கார் சாம்பியன்ஷிப் 1992-ல் நின்றதற்கு ஜாகுவாரும் மெர்சிடிஸும் விலகியதுதான் காரணம் என்று சுரேஷ் தம்பி நேற்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடு இல்லை. 1953-ல் அமெரிக்காவின் செப்ரிங்கில் தொடங்கிய தொடர் அது. அதை முடித்தது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கொண்டுவந்த 3.5 லிட்டர் எஞ்சின் விதி. ஃபார்முலா 1-க்கு உள்ள அதே அளவு எஞ்சின் வேண்டும் என்றால், போர்ஷேயின் 962 பந்தயக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த தனியார் அணிகள் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் 1992-ல் புறப்பட்டதே 28 கார்கள்தான்.

செப்பாங் சுரேஷ்:
அண்ணே, மக்கள் டிக்கெட் வாங்குவது கம்பெனிகள் மோதிக்கொள்வதைப் பார்க்கத்தான். 2016-ல் ஆடி போனது, 2017-ல் போர்ஷே போனது. அப்புறம் டபிள்யூஇசி-யின் (இன்றைய உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்) மேல்வகுப்பில் கம்பெனி என்று டொயோட்டா மட்டும்தான் மிச்சம். அங்கே எந்த 3.5 லிட்டர் விதி இருந்தது? கம்பெனி மனசு மாறினால் தொடர் படுத்துவிடும், அவ்வளவுதான்.

பத்துதீகா ராஜன்:
அந்த மேல்வகுப்பில் கம்பெனிகள் ஓட்டிய, எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் காரை எந்தத் தனியார் அணி வாங்கியிருக்க முடியும், சொல்லுங்கள்? 1987 சீசன் நடுவிலேயே போர்ஷே தன் சொந்த அணியைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டது, ஆனாலும் கிரிட் (புறப்படும் வரிசை) காலியாகவில்லை, ஏனென்றால் யோஸ்ட், க்ரெமர், ப்ருன் என்ற தனியார் அணிகள் எல்லாரிடமும் போர்ஷே விற்ற கார் இருந்தது. யோஸ்ட் அணி 1984, 1985 இரண்டு வருஷமும் ஒரே போர்ஷே 956 காரை (962-க்கு முந்தைய மாடல்) வைத்து லெ மான்ஸை ஜெயித்தது. அதே சேஸி (கார் சட்டகம்), 117-ஆம் நம்பர்!

நம் மலேசியாவுக்கும் அந்தக் கார்கள் வந்தன. 1985 டிசம்பர் 1, ஷா ஆலம் சர்க்யூட்டில் செலாங்கூர் 800, அந்த சீசனின் கடைசிப் பந்தயம். போர்ஷே டிரைவர்கள் இக்ஸும் மாஸும் ஜெயித்தார்கள். நான் அப்பாவோடு வேலி ஓரம் நின்று பார்த்தேன். வளைவுக்கு முன்னால் டிரைவர் காலை எடுத்ததும் எக்ஸாஸ்டிலிருந்து தீ நாக்கு எட்டிப்பார்க்கும், சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். இப்போது அந்த சர்க்யூட்டே இல்லை.

பூச்சோங் கவிதா:
ராஜன் அண்ணே, அதே 1985-ஐ நானும் சொல்கிறேன். ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட்டில் டிரைவர் விங்கெல்ஹாக் விபத்தில் சிக்கி இறந்தார், செப்டம்பர் 1-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் டிரைவர் பெல்லாஃப். இரண்டுமே தனியார் அணியின் போர்ஷே. 956-ல் டிரைவரின் பாதம் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் இருக்கும், அதனால்தான் 962-ல் வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை) நீட்டினார்கள். பழைய காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் எழுதுவது அந்த இரண்டு பேருக்கும் நியாயமில்லை.

பத்துதீகா ராஜன்:
நீங்கள் சொல்வது சரிம்மா, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் பாதுகாப்பு வேறு, தொடர் நிலைப்பது வேறு. எஃப்ஐஏ ஜிடி என்ற இன்னொரு தொடரைப் பாருங்கள். 1998-ல் மெர்சிடிஸ் எல்லாப் பந்தயத்தையும் ஜெயித்தது, அடுத்த வருஷம் அதன் மேல் பிரிவான ஜிடி1-க்கு ஆளே இல்லை. தொடரைக் காப்பாற்றியது அணிகள் காசு கொடுத்து வாங்கக்கூடிய வைப்பர் மாதிரி கார்கள். 2016-ல் செப்பாங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஓடியதும் ஜிடி3 கார்கள்தானே, அதுவும் கம்பெனி அணிகளுக்கு விற்கும் வாடிக்கையாளர் கார்.

செப்பாங் சுரேஷ்:
ஜிடி3 நல்லதுதான் அண்ணே, நானே போய்ப் பார்ப்பேன். ஆனால் உலகமே திரும்பிப் பார்த்தது 2023-ல் ஃபெராரி 499பி லெ மான்ஸ் ஜெயித்தபோதுதான். டபிள்யூஇசி-யின் இப்போதைய மேல்வகுப்பான ஹைப்பர்காரின் விதியால் இத்தனை கம்பெனிகள் உள்ளே வந்த பிறகுதான் அரங்கம் நிறைகிறது.

பத்துதீகா ராஜன்:
2025-ல் அங்கே ஜெயித்தது எந்தக் கார்? 83-ஆம் நம்பர் மஞ்சள் ஃபெராரி, கம்பெனி அணியாக இல்லாமல் தனியார் அணியாகப் பதிவானது!

செப்பாங் சுரேஷ்:
அதை ஓட்டிய ஏஎஃப் கோர்சேதான் ஃபெராரியின் இரண்டு கம்பெனி கார்களையும் ஓட்டுகிறது. அதையும் யோஸ்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கம்பெனி கதவைச் சாத்தினால் அந்த மஞ்சள் காருக்கு உதிரிப் பாகம் யார் கொடுப்பார்?