'ஷ்-பூம்' அசல் எது?

நிலா: சித்தப்பா, காலையில் நீங்கள் சொன்ன 'ஷ்-பூம்' பாட்டைத் தேடினால் இரண்டு வருகிறது. எது அசல்?

சித்தப்பா: கார்ட்ஸ் பாடியதும்மா. நியூயார்க், பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பினப் பையன்கள், 1954. இன்னொன்று க்ரூ கட்ஸ், டொராண்டோ வெள்ளைக்காரர்கள்.

பிரபு: எது அதிகம் விற்றது?

சித்தப்பா: கவர்தான்டா, அதாவது க்ரூ கட்ஸ் மறுபடி பாடியது. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் பில்போர்ட் பத்திரிகையின் பாட்டுப் பட்டியலில் முதலிடமே அதுதான். அசல் முதல் பத்துக்குள் வந்தது. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம்.

அத்தை: இரண்டையும் கேட்டேன் தம்பி. கவர்க்காரர்கள் சுத்தமாகப் பாடுகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசலில் நடுவில் ஒரு சாக்சபோன் வருகிறதே, அங்கே காலே தாளம் போடுகிறது. இவர்கள் பெரிய முரசை டொம்மென்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் 😄

பிரபு: கேஸ் போட்டிருக்கலாமே சித்தப்பா?

சித்தப்பா: நிற்காது. அன்றிருந்த அமெரிக்காவின் 1909 காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை ரெக்கார்டாக வந்துவிட்டால் யாரும் மறுபடி பாடிப் பதியலாம். அப்போது ஒரு பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். அதுவும் பாட்டு எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். முதலில் பாடியவருக்குக் காலணா கிடையாது.

சித்தப்பா: பாணியை அப்படியே சுட்டாலும் கேட்க முடியாது. 'ட்வீட்லி டீ' பாடிய லவெர்ன் பேக்கர் வெறுத்துப்போய் 1955-ல் டிக்ஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமே எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

நிலா: ஆனால் ஜனங்கள் ஏன் அசலை வாங்கவில்லை?

சித்தப்பா: காதில் விழுந்தால்தானே வாங்குவார்கள்! அப்போது வெள்ளையர் கேட்கும் ரேடியோவில் பல இடங்களில் கறுப்பினக் குழுக்களைப் போடவே மாட்டார்கள். கார்ட்ஸின் ரெக்கார்ட் கம்பெனியான கேட் சின்னது. க்ரூ கட்ஸுக்குப் பின்னால் மெர்குரி, ஊர் ஊராகக் கடைகளில் தட்டு இறக்கும் கம்பெனி.

சித்தப்பா: 'எர்த் ஏஞ்சல்' கதையும் இதுதான். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டுக் கராஜில் பெங்குவின்ஸ் பதிந்த பாட்டு. பாப் பட்டியலில் 8-ஆம் இடம். அதே க்ரூ கட்ஸ் பாடி 3-ஆம் இடம் 🤦

அத்தை: விட மாட்டார்கள் போல!

பிரபு: அசல் ஜெயித்ததே இல்லையா?

சித்தப்பா: உண்டு. 1956-ல் ஃபிராங்கி லைமன், 13 வயசுப் பையன், 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்'. டயமண்ட்ஸும் கேல் ஸ்டார்மும் கவர் போட்டும் அவன்தான் மேலே, 6-ஆம் இடம்.

அத்தை: சரி, அந்தப் பையன் பாட்டையும் போடு. குக்கர் வைத்துவிட்டு வருகிறேன்.