வீட்டுப் பட்டியல் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’, ஆச்சியின் ஆதார் எண் மட்டும் சுவரில்: என்ன செய்யலாம்?

வாய்க்கால்கரையான் (கேள்வி)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர். பேர் வேண்டாம், சொன்னால் நாளைக் காலை டீக்கடையிலேயே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். போன மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். ஐந்து வருடமாக எங்கள் ஊராட்சியில் அரசு வீடு யார் யாருக்கு ஒதுக்கினார்கள், எத்தனை தவணை பணம் போயிருக்கிறது, எந்த வீடு கட்டி முடிந்தது, இவ்வளவுதான் கேட்டேன். மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு வீடு, ஊரிலேயே இல்லாதவருக்கும் ஒரு வீடு என்று பேச்சு அடிபடுகிறது. வெறும் பேச்சுதான், கையில் காகிதம் எதுவும் கிடையாது, அதனால்தான் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியதற்கு 29-ஆம் நாள் ஒரே வரியில் பதில்: பயனாளிகளின் தனிப்பட்ட தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)-இன்படி தர இயலாது.

சரி, தனிப்பட்ட தகவல் என்றே வைத்துக்கொள்வோம். அதே வாரம் ஊராட்சி ஆபீஸ் சுவரில் முதியோர் பணம் வாங்குகிறவர்கள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். யார் இருக்கிறார்கள், யார் இறந்துவிட்டார்கள் என்று சரிபார்க்கவாம். தாலுகாவிலிருந்து வந்த தாள் ஆறு, மைதா பசை போட்டு ஒட்டியது, கீழ்த் தாளின் ஒரு மூலையை ஆடு நக்கித் தின்றிருந்தது. ஒவ்வொரு வரியிலும் பெயர், கணவர் பெயர், வயது, செல் நம்பர், பாங்க் கணக்கு எண், ஆதாரின் பன்னிரண்டு இலக்கமும் முழுசாக. எங்கள் ஆச்சி 31-வது வரிசையில் இருக்கிறாள்.

மூன்றாம் நாள் ஆச்சிக்கு ஒரு போன். பேரைச் சொல்லி, தாத்தா பேரைச் சொல்லி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் சொல்லி, ‘முதியோர் பணம் நிற்கப் போகுது பாட்டி, வந்த நம்பரைச் சொல்லுங்க’ என்றானாம். இவ்வளவு தெரிந்தவன் பாங்க்காரனாகத்தான் இருப்பான் என்று ஆச்சி ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டாள். 2,400 ரூபாய் போய்விட்டது, இரண்டு மாதப் பணம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், அது தனிக் கதை.

என் குழப்பம் இதுதான். சுவர்ப் பட்டியலை எதிர்த்துச் சத்தம் போட்டால், ‘பார்த்தீரா தம்பி, இதுக்குத்தான் உமக்கு வீட்டுப் பட்டியலைத் தரலை’ என்று என்னையே மடக்குவார்கள். வீட்டுப் பட்டியலைக் கேட்டு மேல்முறையீடு போனால், ‘ஆச்சி நம்பர் வெளியே போனதுக்கு அழுதீரு, அடுத்தவன் விவரம் மட்டும் உமக்கு எதுக்கு’ என்பார்கள். இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்றுதான் படுகிறது, ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

---

பாளை குமாஸ்தா

தம்பி, முப்பது வருடம் வக்கீல் ஆபீஸில் தட்டச்சு அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றில்லை.

2005-இல் சட்டம் வந்தபோது 8(1)(ஜே)-யில் ஒரு தராசு இருந்தது. பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலையும், தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைகிற தகவலையும் மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கலாம். கூடவே, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு வரி. அருமையான வரி அது. 2012-இல் கிரிஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் அரசு ஊழியரின் மெமோ, வருமான வரிக் கணக்கு எல்லாம் தனிப்பட்ட தகவல்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஆபீஸ்காரர்களுக்கு அது ஒரு கேடயமாகிவிட்டது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், நல்ல தீர்ப்பு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதை வைத்து 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) என்ன செய்தது என்றால், 8(1)(ஜே)-யில் இருந்த நிபந்தனைகளை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு ‘தனிப்பட்ட தகவல்’ என்று மட்டும் விட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. உமக்கு ஒரே வரியில் பதில் வந்ததன் ரகசியம் இதுதான்.

இவ்வளவுதானா, கதை முடிந்ததா என்றால், இல்லை. மூன்று பிடி மிச்சம் இருக்கிறது. முதலாவது 8(2): மறைப்பதால் காக்கப்படுவதைவிட வெளியிடுவதில் பொதுநலன் கூடுதலாக இருந்தால் கொடுக்கலாம் என்கிற பிரிவு, அதை யாரும் தொடவில்லை. இரண்டாவது பிரிவு 10: ஒரு ஆவணத்தில் தரக்கூடாதது இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம், 4(1)(பி)-யின் 12-வது இனம். மானியத் திட்டங்களில் எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. தானாக வெளியிட வேண்டியதைக் கேட்ட பிறகும் இல்லை என்றால் எப்படி?

மேல்முறையீட்டில் இப்படி எழுதும்: ஆதார் எண், கணக்கு எண், செல் நம்பர், கதவு எண் எனக்கு வேண்டாம், பிரிவு 10-இன்படி நீக்கிவிட்டுப் பெயர், திட்டம், ஆண்டு, தவணைத் தொகை, பணியின் நிலை மட்டும் தாருங்கள். வேண்டாததை நீரே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் கையில் இருக்கிற ஒரே சாக்கும் போயிற்று. பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கேயும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் வருடக்கணக்கில் காத்திருக்க நேரிடும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்.

சுவர் விஷயத்துக்குத் தனி மனு. ஆதார் சட்டம் பிரிவு 29-இன்படி ஆதார் எண்ணைப் பொதுவில் ஒட்டவோ வெளியிடவோ கூடாது. இரண்டையும் ஒரே காகிதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்.

---

ராதாபுரம் மைனி

குமாஸ்தா அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் நம்பரை மறைத்தால் போதும் என்று எல்லாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் மகளிர் குழுவில் இருக்கிறேன், மனு எழுதிக் கொடுப்பதே பாதி வேலை.

அந்த மாதிரிப் பட்டியலில் ‘வகை’ என்று ஒரு கட்டம் இருக்கும், கவனித்தீர்களா? முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி, கணவனால் கைவிடப்பட்டவர். இந்தக் கடைசி வகையில் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண். புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான், வருவான் என்று பத்து வருடமாக அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள். சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள், அத்தோடு சரி. ஆதாரும் இல்லை, போன் நம்பரும் இல்லை, வெறும் பெயரும் வகையும்தான். அவள் அடுத்த மாதமே வந்து ‘மைனி, இந்தப் பணமே வேண்டாம், பேரை அடிச்சிரச் சொல்லுங்க’ என்றாள். பணம் 1,200 ரூபாய், அவளுக்கு அது பெரிய தொகை.

அதனால் தம்பி, வீட்டுப் பட்டியலைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், வீடு தெருவில் நிற்கிறது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பென்ஷனுக்கு அதே அளவுகோல் வேண்டாம். இந்த வகையில் இத்தனை பேர், இத்தனை ரூபாய் என்று வெளியிட்டால் போதாதா? பெயர் சரிபார்க்க வேண்டுமென்றால் கிராம உதவியாளர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், அதற்குத்தானே சம்பளம்.

---

நெல்லை டவுன்காரன்

மைனி சொல்வது மனசை உறுத்துகிறது, இருந்தாலும் எதிர்ப்பக்கமும் யாராவது பேச வேண்டுமே. எண்ணிக்கை மட்டும் போட்டால் செத்தவர் பெயரில் பணம் வாங்குகிறவன் ராஜாவாகிவிடுவான். 1994-இல் ராஜஸ்தானில் எம்.கே.எஸ்.எஸ். என்ற தொழிலாளர்-விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, கூலிக்கு வேலை செய்தவர்கள் என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு அங்கிருந்துதான் வேர். ஊரே கூடிக் கேட்கும்போதுதான் ‘இவர் வேலைக்கே வரலியே’ என்று ஒரு குரல் எழும்பும். வீட்டுக்கு வருகிற கிராம உதவியாளர் அதைச் சொல்வாரா?

அப்புறம் நம் ஊரிலேயே பாருங்கள், வில்லங்கம் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது நிலம் வாங்கினார், எவ்வளவுக்குப் பத்திரம் போட்டார் எல்லாம் தெரியும், யாரும் குடி முழுகிப் போகவில்லை. நம் பக்கத்துப் பழைய கோயில் சுவர்களில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பேரும் ஊரும் நிலத்தின் நான்கு எல்லையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பேரைக் கல்லில் வெட்டலாம், அரசாங்கப் பணம் வாங்குகிறவன் பேரைத் தாளில் எழுதக்கூடாதா? 2017-இல் சுமார் 13 கோடி பேரின் ஆதார் எண் நான்கு அரசு இணையதளங்களிலேயே கிடந்தது என்று ஒரு ஆய்வு வெளிவந்தது, நினைவிருக்கும். அந்த எண்களை யாரும் மனுப்போட்டு வாங்கவில்லை. அரசாங்கமே கொட்டி வைத்தது. அப்படியிருக்க, பூட்டு மட்டும் மனுதாரர் வாசலில் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

---

ராதாபுரம் மைனி

ஆடு கொடுத்தவன் பெருமைக்காகக் கொடுத்தான், அண்ணாச்சி. கைவிடப்பட்டவள் அப்படி ஒன்றும் கொடுக்கவில்லையே. ஊர் கூடிப் படிப்பதில் எனக்குச் சண்டை இல்லை, கிராம சபையில் பெயரை மட்டும் படியுங்கள், வகையைப் படிக்க வேண்டாம், செத்தவர் பெயர் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சுவரில் ஒட்டினால்தான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். மைக்கில் படித்தது காற்றோடு போகும், தாள் அப்படியா?

---

நெல்லை டவுன்காரன்

இது நியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கிராம சபையில் மைக் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

---

வாய்க்கால்கரையான்

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா அண்ணாச்சி சொன்னபடி முதல் மேல்முறையீடு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். வேண்டாதவை என்று நான்கு இனத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். வீட்டுப் பட்டியலில் வகை என்ற கட்டம் இருந்தால் அதுவும் வேண்டாம் என்று மைனி பேச்சைக் கேட்டுச் சேர்த்தேன்.

முதலில் எழுதாமல் விட்ட ஒன்று. மனுப்போட்ட நான்காம் நாளே ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் என் மனுவின் ஜெராக்ஸ். என் கையெழுத்து, முகவரி, செல் நம்பர் எல்லாம் அதில். ‘தம்பி, என்ன வேணும்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார். அவர் போனதிலிருந்து அம்மா வாசல் கதவைத் தாழ்போட்டுத்தான் வைக்கிறாள். பயனாளியின் பெயர் தனிப்பட்ட தகவல், கேட்டவன் முகவரி பொதுச் சொத்து போல.

---

பாளை குமாஸ்தா

அது தப்பு, தம்பி, அதையும் தனியாக எழுதி வையும், தேதி போட்டு. பிரிவு 6(2)-இன்படி தொடர்புக்குத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமே உம்மிடம் கேட்கக்கூடாது. 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், மனுதாரர் போஸ்ட் பாக்ஸ் எண் கொடுத்தாலே போதும் என்று சொல்லியிருக்கிறது. அடுத்த மனுவில் செல் நம்பரை எழுதாதீர். நாலு பேர் சேர்ந்து நாலு மனுவாகப் போட்டால் இன்னும் நல்லது.

சுவர்த் தாள் இன்னும் இருக்கிறதா?

---

வாய்க்கால்கரையான்

இருக்கிறது, அண்ணாச்சி. புகார் கொடுத்த மறுநாள் ஊராட்சிச் செயலர் கறுப்பு மார்க்கரால் ஆதார் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். செல் நம்பரும் கணக்கு எண்ணும் அப்படியே. மத்தியானம் போய்ப் பார்த்தேன், வெயில் நேராக விழும்போது மார்க்கருக்கு அடியில் அச்செழுத்து பளபளவென்று தெரிகிறது. ஆச்சியுடைய எண்ணை நின்று வாசித்துப் பார்த்தேன், பன்னிரண்டும் சரியாக வந்தது.