ரோட் ஷூவா, எம்டிபி ஷூவா? கிளீட் போட்டு ஓட்டுறவங்க அனுபவம் சொல்லுங்க

ஈசிஆர்_விடியல்:
ஒரு தம்பி நேத்து போன் பண்ணி "அண்ணே எஸ்பிடி வாங்கவா, எஸ்பிடி எஸ்எல் வாங்கவா"ன்னு கேட்டான். ரெண்டுமே ஷூவைப் பெடல்ல பூட்டுற ஷிமானோ சிஸ்டம், ஷூ அடியில போல்ட் போட்டு மாட்டுற துண்டுதான் கிளீட்; எஸ்பிடி எம்டிபி (மலை சைக்கிள்) ஷூவுக்கு, ரெண்டு போல்ட், எஸ்பிடி எஸ்எல் ரோட் ஷூவுக்கு, மூணு போல்ட். கேட்ட உடனே எனக்கு மரக்காணம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, அது இன்னும் மனச விட்டுப் போகல, அதான் எழுதுறேன்.

200 பிரேவே, அதாவது 200 கிலோமீட்டரை டைமுக்குள்ள முடிக்கிற ரைடு, பாண்டி ரூட்டு. 13 மணி 30 நிமிஷம் டைம் இருக்கு, அவசரமே தேவையில்ல, ஆனா கன்ட்ரோல்ல (வழியில வந்து போனதைப் பதியிற இடம்) யாரும் நிம்மதியா உக்கார மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். மரக்காணம் உப்பளம் பக்கம் ஒரு டீக்கடை. கூட வந்தவர் என்னைவிடப் பெரியவர், நல்ல ஸ்ட்ராங்கான ரைடர், ரோட் ஷூ, மஞ்சள் கிளீட். கடை வாசல்ல வழுவழுன்னு டைல்ஸ், அப்பதான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருக்காங்க. எனக்கும் சேத்து ரெண்டு டீ வாங்கிட்டுத் திரும்பினார், அவ்ளோதான், முன்னங்கால் போயிடுச்சு, இடுப்பு தரையில மோதின சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. கிளாஸ் ரெண்டையும் தூக்கிப் பிடிச்சபடியே விழுந்தார், ஒண்ணுகூட உடையல, டீ மொத்தமும் அவர் கை மேல. ஷூவோட அடி என்னைப் பாத்து இருந்துச்சு, மூணு மூலையிலயும் அந்த மஞ்சள் ரப்பர் தேஞ்சு வெறும் பிளாஸ்டிக் தெரியுது. மனுஷன் அங்கேயே ரைடை நிறுத்திட்டு வண்டியை வேன்ல ஏத்தி வீட்டுக்குப் போனார், அதுக்கப்புறம் ரொம்ப நாள் சைக்கிள் பக்கமே வரல.

பிரேவே ஓட்டுறவனுக்கு ரெண்டு போல்ட் எஸ்பிடிதான், எம்டிபி ஷூதான். கிளீட் ஷூ அடிக்குள்ள பதுங்கிக்கும், கடை, கழிப்பறை, பெட்ரோல் பங்க், மணல் எங்க வேணா நடக்கலாம். தம்பிகிட்டயும் அதான் சொன்னேன். மத்தவங்களும் சொல்லுங்க.

கோவை_ஏத்தம்:
விழுந்தவருக்காக வருத்தப்படறனுங்க. ஆனா நீங்க சொல்ற காரணம் சரியில்லீங்க. அந்த மஞ்சள் ரப்பர் எதுக்கு இருக்குது? அது தேஞ்சா மாத்துன்னு சொல்றதுக்குத்தான் இருக்குது. தேஞ்ச டயர்ல மழையில ஓட்டி வழுக்கினா சைக்கிளே ஆகாதுன்னு சொல்லுவீங்களா? நடக்கும்போது மாட்டிக்க ரப்பர் கவர் விக்கறாங்க, ஜெர்சி பாக்கெட்டுக்குள்ள அடங்கிரும்.

என் கதைய கேளுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி, 30 கிலோமீட்டருக்கு மேல ஒரே ஏத்தம். அப்ப நான் எஸ்பிடி, டிரெக்கிங் ஷூ மாதிரி இருக்கற ஒரு எம்டிபி ஷூ. குஞ்சப்பனை வரைக்கும் ஒண்ணும் தெரியல, அதுக்கு மேல வலது பாதத்துல, கட்டைவிரல் மேட்டுக்குக் கீழ, ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரே எடத்துல தீயா எரியுது. பெடலை மிதிக்க மிதிக்க அந்த எடம் மட்டும். ஷூவைக் கழட்டி ரோட்டோரம் ஓடற தண்ணியில காலை வெச்சேன், கிளீட் எந்த எடத்துல இருந்துச்சோ அதே எடத்துல பாதத்துல செவப்பா அச்சு விழுந்திருக்குது. அப்புறம் ரோட் ஷூ, மூணு போல்ட்டுக்கு மாறிட்டனுங்க. கிளீட் அகலம், பெடல் அகலம், பாதம் முழுக்க பாரம் பரவுது. அதே ரோட்டுல அதே கால், எரிச்சலே இல்ல. டீக்கடையில பத்து நிமிஷம் நடக்கறதுக்காக நாள் முழுக்க மிதிக்கற சுகத்தை விட்டுக்குடுக்கறதா? நான் மாட்டேன்.

நாமக்கல்_70வளைவு:
கோவை அண்ணா, உங்க எரிச்சலுக்குக் காரணம் எஸ்பிடி இல்ல, ஷூவோட சோல். டிரெக்கிங் ஷூ மாதிரின்னு நீங்களே சொல்றீங்க, அது வளையும், வளைஞ்சா சின்ன கிளீட் பாதத்துல குத்தத்தான் செய்யும். எம்டிபி ரேஸ் ஷூல கார்பன் சோலே வருது, ரெண்டு கையால பிடிச்சு வளைச்சாலும் வளையாது, அதுல எஸ்பிடி மாட்டி ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

ஆனா நான் எழுத வந்தது வேற விஷயம், கொல்லிமலைல நடந்தது. புது பெடல், புது ஷூ, கிளீட் மாட்டினது கடைக்காரர், நான் தொடவே இல்ல, நல்லா இறுக்கியாச்சு சார்னு சொல்லிக் குடுத்தார். ஏறும்போது பிரச்சனை இல்ல. இறங்கி காரவள்ளி வந்து நிக்கலாம்னு வலது குதிகாலை வெளிய திருப்புறேன், கால் திரும்புது, பெடல் விட மாட்டேங்குது. இன்னும் திருப்புறேன், பாதம் கிட்டத்தட்ட குறுக்க வந்துடுச்சு, சத்தமே இல்ல, அந்த 'டக்' வரவே இல்ல. அந்த நேரம் வயித்துல ஒரு குளிர் இறங்குச்சு பாருங்க, அதை எழுத்துல சொல்ல முடியல. இடது கால் கழண்டுச்சு, அதை ஊனி ஒரு மைல் கல்லுல சாஞ்சு நின்னேன், பின்னாடி வந்தவர் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டார், நான் குனிஞ்சு ஷூ பட்டையை அவுத்து காலை மட்டும் உருவிட்டேன். ஷூ பெடல்லயே தொங்குது. திருப்பிப் பாத்தா ரெண்டு போல்ட்ல ஒண்ணு இல்ல, வழியில எங்கயோ விழுந்துடுச்சு. இருக்குற ஒத்தப் போல்ட்ல கிளீட் பெடலுக்குள்ளயே நிக்குது, ஷூ மட்டும் அதைச் சுத்திச் சுத்தி வருது, அப்புறம் எப்படி கழலும். அது 70 கொண்டை ஊசி வளைவுல நடுவுல எங்கயாவது, எதிர்ல பஸ் வரும்போது நடந்திருந்தா? இதைத்தான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

புதுசா வாங்குறவங்க எந்த சிஸ்டம் வேணா வாங்குங்க, கிளீட் போல்ட்டை நீங்களே இறுக்குங்க. 4 எம்எம் ஆலன் கீ. மரையில கொஞ்சம் கிரீஸ் வைங்க, இல்லாட்டி வேர்வையும் மழையும் போய் துருப் பிடிச்சு பின்னாடி கழட்டவே முடியாது. எவ்வளவு இறுக்குறோம்னு காட்டுற டார்க் ரெஞ்ச் இருந்தா 5ல இருந்து 6 நியூட்டன் மீட்டர். முதல் ரைடு முடிஞ்சதும் திரும்ப ஒருக்கா இறுக்குங்க, கிளீட்டோட பல்லு சோல்ல பதிஞ்ச பிறகு போல்ட் கொஞ்சம் லூசாகும். எக்ஸ்ட்ரா போல்ட் ஒண்ணு டூல் பேக்ல கிடக்கட்டும்.

ஸ்காபரோ_மிதிவண்டி:
நான் கனடாவில இருக்கிறன், ஸ்காபரோவில இருந்து டவுன்டவுனுக்கு வேலைக்குச் சைக்கிள்லதான் போறனான். நீங்கள் எல்லாரும் வெயிலையும் மணலையும் பற்றிக் கதைக்கிறியள், இங்க எங்களுக்கு ஸ்னோ. எம்டிபி ஷூவில கிளீட் உள்ளுக்க பதுங்கி இருக்கிறது நல்லதுதான், ஆனா அந்தக் குழிக்குள்ள ஸ்னோ போய் இறுகி ஐஸ் ஆகிடும். சிக்னல்ல கால் ஊண்டினன், பச்சை விழுந்தோன்ன பெடல்ல வைச்சு மிதிச்சால் கொழுவேல்லை, ஐஸ்கட்டிக்கு மேல கால் சறுக்கிப் பெடல் திரும்பி வந்து கணுக்காலுக்கு மேல எலும்பில அடிச்சுது. பின்னால கார்க்காரன் ஹோன் அடிக்கிறான், எனக்குக் கண்ணில தண்ணி. கார்பன் பைபர் தொழில்நுட்பம் எல்லாம் சரி, குளிர்காலத்துக்கு பிளாட் பெடலும் தடிச்ச பூட்ஸும்தான், உலோகக் கிளீட் வழியாக் குளிரும் ஏறும், விரல் மரத்துப் போகும். ஏப்ரலில திரும்ப எஸ்பிடி போடுவன்.

மதுரை_மீரா:
எல்லாருக்கும் வணக்கம். ரோட்டா எம்டிபியான்னு மட்டும் பேசுறீங்க, முட்டியைப் பத்தி யாரும் பேசலையே. நான் மூணு போல்ட்தான் போடுறேன், இப்பவும் அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா ஆரம்பத்துல கடையில எனக்கு மாட்டிவிட்டது ஷிமானோ சிவப்பு கிளீட், "ரேஸ் ஓட்டுறவங்க இதான் மேடம் போடுறாங்க"ன்னு சொன்னாங்க. சிவப்புன்னா 0 டிகிரி, பாதம் இம்மி அசையாது. என் இடது பாதம் இயல்பாவே கொஞ்சம் வெளிய பாத்து நிக்கும், அதை நேரா பூட்டி வச்சு மிதிச்சா பாரம் எங்க போகும், முட்டிக்குத்தான் போகும்.

அழகர்கோயில் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி வீட்டு மாடிப்படி இறங்குறேன், முட்டிக்கு வெளிப்பக்கம் ஊசி வச்சுக் குத்துன மாதிரி ஒரு வலி, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன், அம்மா ஓடி வந்து இனிமே சைக்கிளைத் தொடாதேன்னாங்க. கால்ல ஏதோ கோளாறுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், பிசியோ அக்கா ஷூவைத் திருப்பிப் பாத்துட்டு நிறம்தான் கேட்டாங்க. மஞ்சள் போட்டேன், 6 டிகிரி அசைவு. நடுவுல நீலம் இருக்கு, அது 2 டிகிரி. லுக் கம்பெனியோட கீயோ பெடல் வச்சிருக்கவங்க குழம்பிக்காதீங்க, அதுல சிவப்புதான் அதிகம், 9 டிகிரி, சாம்பல் 4.5, கருப்பு 0. ஒரு கம்பெனில அசையாதது சிவப்பு, இன்னொரு கம்பெனில ரொம்ப அசையிறது சிவப்பு, இதைக் கடையில யாரும் எடுத்துச் சொல்றதில்ல, எனக்கு அதுலதான் கோவம்.

கோவை அண்ணா, பாரம் பரவுதுன்னு நீங்க சொல்றது உண்மை, நானும் உணர்ந்திருக்கேன். ஆனா கிளீட் எந்த நிறம்னு சொல்லாம மூணு போல்ட் வாங்குன்னு சொல்றது பாதி தகவல்தான்.

பழைய_செயின்:
எல்லாம் படிச்சேன். என் அனுபவம் ரொம்பச் சின்னது: டோ கிளிப் (பெடல்ல முன்பாதத்தைப் பிடிக்கிற கூண்டு), தோல் பட்டை போட்டு ஓட்டின காலத்து ஆள் நான். மவுன்ட் ரோட்டுல பஸ் ஒரசிட்டு வர, குனிஞ்சு கையால பட்டையைத் தளர்த்த நேரமில்லாம காலோட சைக்கிளையும் இழுத்துக்கிட்டு பிளாட்பாரத்துல சாஞ்சேன். அந்தப் பட்டையிலிருந்து விடுதலை குடுத்த சாமான் இது, அதனால எந்தப் பக்கமும் சண்டை போடாதீங்க.

ரெண்டும் ரெண்டு வேலைக்கு வந்தது. லுக் கம்பெனி முதல்ல பனிச்சறுக்குக்கு ஷூவைப் பூட்டுற சாமான் செஞ்சவங்க, அதே யோசனையைப் பெடல்ல கொண்டு வந்தாங்க, 1985ல பெர்னார் இனோ அதைப் போட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார், அப்புறம் ரோட் ரேஸ்ல தோல் பட்டை போன இடம் தெரியல. அங்க யாரும் நடக்கப் போறதில்ல, அதனால கிளீட் பெருசா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மலையில சேறு வரும், வண்டியைத் தோள்ல தூக்கிட்டு நடக்கணும், அதுக்காக ஷிமானோ 1990ல எஸ்பிடி கொண்டு வந்தான், சின்ன உலோக கிளீட், பெடல் ரெண்டு பக்கமும் மாட்டும். சிக்னலுக்கு சிக்னல் நிக்கிற ஊர்ல ரெண்டு பக்கம் மாட்டுறது எவ்வளவு பெரிய வசதின்னு எஸ்எல் போட்டு அண்ணா சாலைல போனவங்களைக் கேளுங்க, அதுல ஒரு பக்கம்தான் மாட்டும், குனிஞ்சு பெடலைப் பாத்துக்கிட்டே போக வேண்டியிருக்கும்.

கேக்காட்டியும் சொல்றேன். வாங்கும்போது ஷூவை சாயங்காலம் போட்டுப் பாருங்க, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில சரியா இருக்கிறது மத்தியானம் இறுக்கும். விரலுக்கு முன்னாடி இடம் இருக்கணும், குதிகால் தூக்கக் கூடாது. அடியில ரெண்டு ஓட்டையா மூணு ஓட்டையான்னு பாத்து வாங்குங்க, பெடல் ஒண்ணு ஷூ ஒண்ணுன்னு வாங்கிட்டு வந்து முழிக்கிறவங்க நிறைய. பெடல் மாத்தும்போது இடது பக்கம் மரை தலைகீழ், பலம் போட்டுக் கெடுத்துடாதீங்க. கிளீட்டை ரொம்ப முன்னாடி வைக்காதீங்க, கட்டைவிரல் மேட்டுக்கு நேரா இல்ல சற்றுப் பின்னாடி, முன்னாடி போனா கெண்டைக்கால் கத்தும். பெடல் கிளீட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும்னு வைக்கிற டென்ஷன் ஸ்குரூவை முழுசா தளர்த்திட்டு ஆரம்பிங்க. எஸ்பிடில எஸ்எச்56ன்னு ஒரு கிளீட் இருக்கு, குதிகாலை மேல இழுத்தாலும் பல பக்கம் திருப்பினாலும் விட்டுடும், பயப்படுறவங்க அதுல தொடங்கலாம், பெடலோட வர்ற 51 வெளிய திருப்பினாத்தான் விடும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மாட்டிக் கழட்டி கால் தானா செய்யிற வரைக்கும் பழகிட்டு ரோட்டுக்குப் போங்க.

இன்னொண்ணு, காலை மேல இழுத்தா வேகம் அள்ளும்னு நம்பி யாரும் வாங்க வேணாம். சீராப் போகும்போது பலம் பெரும்பாலும் கீழ மிதிக்கிறதுலதான் வருது, மேல வர்ற கால் தன் பாரத்தைத் தூக்கிக்கிட்டாலே போதும். பூட்டின காலோட பலன், குழியில விழும்போதும் வேகமா சுத்தும்போதும் பாதம் நழுவாது, அதுதான்.

கோவை_ஏத்தம்:
சார் சொன்ன கடைசிப் பாராவை நான் ஒத்துக்க மாட்டனுங்க, கோத்தகிரி கடைசி வளைவுல நின்னு மிதிக்கும்போது பின்னங்காலை இழுத்துத்தான் நான் மேல போறேன், என் தொடையைக் கேட்டா சொல்லும். நாமக்கல் தம்பி சொன்ன கெட்டியான சோல் எம்டிபி ஷூ ஒரு நண்பர்கிட்ட இருக்குது, ஞாயித்துக்கிழமை வாங்கி ஓட்டிப் பாக்கறேன். மீரா சொன்ன நிற விஷயம் சரி, என்னோடது மஞ்சள்.

நாமக்கல்_70வளைவு:
நின்னு மிதிக்கிறது வேற அண்ணா, சார் சொன்னது உக்காந்து சீராப் போறது. ஓட்டிப் பாத்துட்டு உள்ளது உள்ளபடி எழுதுங்க, அதே குஞ்சப்பனை ரூட்டுலயே ஓட்டுங்க.

மதுரை_மீரா:
சார், சாயங்காலம் போட்டுப் பாக்கச் சொல்றீங்க, எனக்குப் போட்டுப் பாக்கவே ஷூ இல்ல. என் சைஸ் 37, எங்க ஊர்ல எந்தக் கடையில கேட்டாலும் 40ல இருந்துதான் எடுத்து வைக்கிறாங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்கன்னு ஒருத்தர் சொன்னார், குதிகால் உள்ளயே ஆடுது, அப்படி ஆடினா கிளீட் எப்படி சரியாத் திரும்பும். சென்னையிலயோ கோவையிலயோ 37 வச்சிருக்கிற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ரெண்டு போல்ட்டா இருந்தாலும் பரவாயில்ல, பெடலை மாத்திக்கிறேன்.