கட்டங்களுக்குள் காணாமல் போன வரத்துக் கால்வாய்கள்

வரைபடத்தில் எல்லைக் கோடுகளால் ஆன வடிவங்களை (பாலிகன்களை) பைத்தான் நிரல்மொழியில் கட்டங்களால் ஆன படமாக, அதாவது ராஸ்டராக மாற்றிய அனுபவத்தை ஒருவர் கேட்டிருந்ததால், நான் இடறிய இடங்களைச் சொல்கிறேன். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதியின் கண்மாய்களையும் அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் 10 மீட்டர் கட்டங்களோடு (பிக்சல்களோடு) பொருத்த வேண்டியிருந்தது. ஜியோபாண்டாஸ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாலிகன் கோப்பைத் திறந்து, ராஸ்டீரியோ என்ற இன்னொரு நிரலகத்தின் ராஸ்டரைஸ் செயற்கூறுக்குக் கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் கிடைத்த எண் அணி முழுவதும் பூஜ்யம்.

பாலிகன்கள் அட்ச, தீர்க்கரேகைப் பாகைகளிலும், படம் பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் மண்டலம் 44-இலும் இருந்ததே காரணம். அந்தச் செயற்கூறு ஆயத்தொலைவு முறையைக் கேட்பதில்லை, 78.1 பாகையை 78.1 மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். (மண்டலம் 43-ஐயும் 44-ஐயும் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை திண்டுக்கல் நகரை ஒட்டிச் செல்வதால், மேற்குப் பகுதிக் கோப்புகள் சில மண்டலம் 43-இல் வந்து சேர்ந்தது தனிக் கதை.) எல்லாவற்றையும் இபிஎஸ்ஜி 32644-க்கு (மண்டலம் 44-இன் வடபகுதிக்கான குறியீட்டு எண்) மாற்றியதும் கண்மாய்கள் தெளிவாக விழுந்தன.

கால்வாய்கள் மட்டும் விழவில்லை. பிக்சலின் நடுப்புள்ளி பாலிகனுக்குள் இருந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும் என்பதால், 6 மீட்டர் அகலக் கால்வாய் சிந்திய அரிசிமணிகளைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. பாலிகன் தொடும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும் 'ஆல் டச்டு' விருப்பத்தை இயக்கியபோது கோடு சேர்ந்துவிட்டாலும், அதே கால்வாய் இரண்டு கட்ட அகலத்துக்கு, அதாவது 20 மீட்டர் வரை உப்பியது; பரப்பளவு கணக்கிடுவதற்கு அது உதவாது. முடிவில் 2 மீட்டர் கட்டத்தில் வரைந்து, நம்பை என்ற எண் கணக்கு நிரலகத்தில் 5-க்கு 5 தொகுதிகளாக மடக்கிச் சராசரி எடுத்தேன். ஒவ்வொரு 10 மீட்டர் கட்டத்திலும் 25-இல் எத்தனை பங்கு கால்வாய் என்பது 0.36, 0.6 என்று கிடைத்தது. நினைவகம் 25 மடங்கு கேட்டதால் பகுதி பகுதியாகப் பிரித்தே ஓட்ட முடிந்தது.

*

அதே கேள்விக்கு இன்னொருவரின் பதில்: எனக்கு நேர்ந்தது வேறு விதம். கண்மாயும் அதன் பாசன நிலமான ஆயக்கட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த கோப்பில், பட்டியலில் பின்னால் வரும் பாலிகன் முன்னதை அழித்துவிடும் என்பதை அறியாமல் கண்மாய்கள் பலவற்றை இழந்தேன். இப்போது பரப்பளவின்படி பெரியதை முதலில் வைத்து வரிசைப்படுத்துகிறேன். அதற்கு முன், எல்லாவற்றுக்கும் மதிப்பு 1 கொடுத்து, ஒரே கட்டத்தில் விழும் மதிப்புகளைக் கூட்டும் முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். 2 விழுந்த கட்டங்களில் எல்லைகள் மோதுகின்றன என்று தெரிந்துவிடும்.